நிமிடங்களால் அளக்க வேண்டிய பணி
பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் தீயணைப்பு மீட்புச் சேவை

ஒரு மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள் தீயணைப்புத் துறையின் பக்கத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. பாசனம், மின்சாரம், சாலை ஆகியவற்றைப்போல் அது உற்பத்தியைப் பெருக்கும் செலவாகத் தோன்றுவதில்லை. காவல் துறையைப்போல் நாள்தோறும் மக்கள் கண்ணில் படுவதுமில்லை. வண்டிகளைத் துடைத்து, குழாய்களை உலர்த்தி, அழைப்பு மணிக்காகக் காத்திருக்கும் ஒரு நிலையத்தை "வேலைப்பளு குறைவு" என்று கோப்பில் குறித்துவிடுவது எளிது. ஆயினும் பொருளாதார நோக்கில் அந்தக் காத்திருப்பே அத்துறையின் உற்பத்திப் பொருள். வீடு எரியாத ஆண்டில் கட்டிய காப்பீட்டுத் தொகை வீணாயிற்று என்று எவரும் சொல்வதில்லை. ஆயத்தநிலைக்கான செலவும் அத்தகையதே. ஆகவே இத்துறையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அது ஆண்டுக்கு எத்தனை தீயை அணைத்தது என்பதைவிட, ஆபத்தில் சிக்கியவருக்கும் அதற்கும் இடையே எத்தனை நிமிடத் தொலைவு இருந்தது என்பதேயாகும்.

இக்கேள்வியைச் சமவெளி நகரங்களை வைத்து ஆராய்வோர் பலர். இங்கே நாம் எடுத்துக்கொள்வது கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் கிழக்கு எல்லைப்புறம். இவ்விரு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே ஆனைமலைத் தொடரும், திருச்சூர், எறணாகுளம் மாவட்டங்களின் மலைப்பகுதிகளும் கிடக்கின்றன. ஆனால் இரண்டுமே தமிழ்நாட்டை ஒட்டியவை. வடக்கே அட்டப்பாடி, வாளையாறு, பறம்பிக்குளம். தெற்கே மறையூர், வட்டவடை, போடிமெட்டு, குமுளி. காடு, அணை, தேயிலை, ஏலம், சுற்றுலா என்பனவே இப்பகுதியின் பொருளாதாரம். மலையாளமும் தமிழும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் நிலம் இது. மாநில எல்லை என்பது இங்கே சோதனைச் சாவடியில் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது.

துறையும் அதன் அளவுகோலும்

1956-இல் கேரள மாநிலம் அமைந்தபோது தீயணைப்புப் பணி காவல் துறையோடு இணைந்திருந்தது. 1962-ஆம் ஆண்டின் கேரளத் தீயணைப்புப் படைச் சட்டத்தை அடுத்து, 1963-இல் அது தனித் துறையாயிற்று. தமிழ்நாட்டில் இதற்கென 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. பிற்காலத்தில் இரு மாநிலங்களிலும் துறையின் பெயரில் "மீட்பு" என்ற சொல்லும் சேர்ந்தது. இது பெயரளவான மாற்றமன்று. கிணற்றில் விழுந்த மனிதரையும் மாட்டையும் தூக்குவது, ஆற்றில் மூழ்கியவரைத் தேடுவது, சாலையில் சாய்ந்த மரத்தை அறுப்பது, விபத்துக்குள்ளான லாரியின் முன்கூட்டை வெட்டி ஓட்டுநரை வெளியே எடுப்பது என்று கேரளத்தில் இத்துறையினர் செய்யும் வேலையில் பெரும் பங்கு தீயோடு தொடர்பற்றது. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள மாநிலத்தில் கயிறும் வலையும் நீர்ப்பீச்சிக் குழாயைப்போல் இன்றியமையாதவை.

அரசியலமைப்பின்படி பார்த்தால், 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் தீயணைப்புச் சேவையை நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. நடைமுறையில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மாநில அரசே இதனை நடத்துகிறது. மத்திய அரசின் பங்கு ஆலோசனை, பயிற்சி, நிதியுதவி ஆகியவற்றோடு அமைகிறது. 1956-இல் ராம்பூரில் தொடங்கி அடுத்த ஆண்டே நாகபுரிக்கு மாறிய தேசியத் தீயணைப்புக் கல்லூரி அப்பங்கின் பழைய சின்னம்.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் அமைந்த நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு நாடு முழுமைக்கும் சில அளவுகோல்களை வகுத்தது. மக்கள்தொகையைக் கொண்டு வண்டிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது ஒன்று. அழைப்பு வந்தபின் சென்றடையும் நேரத்தைக் கொண்டு நிலையத்தின் இடத்தை முடிவு செய்வது மற்றொன்று: நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிடம், கிராமப்புறத்தில் 20 நிமிடம். இரண்டும் ஒரே ஆவணத்தில் அருகருகே அமர்ந்திருப்பதால், இரண்டும் ஒரே விடையைத் தரும் என்று எண்ணத் தோன்றும். சமவெளியில் ஓரளவு அப்படித்தான். மலையேறியதும் அவை பிரிந்து வெவ்வேறு திசையில் செல்கின்றன.

ஒரு சிறு கணக்கு

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பாலக்காடு மாவட்டத்தின் பரப்பு 4,482 சதுர கிலோமீட்டர். இடுக்கியின் பரப்பு 4,358. ஏறத்தாழச் சமம். மக்கள்தொகையோ பாலக்காட்டில் 28.10 லட்சம், இடுக்கியில் 11.09 லட்சம். லட்சம் பேருக்கு ஒரு நிலையம் என்று தலையை எண்ணிப் பகிர்ந்தால் பாலக்காட்டுக்கு 28, இடுக்கிக்கு 11. அதாவது பாலக்காட்டில் ஒரு நிலையம் 160 சதுர கிலோமீட்டரைக் காக்க, இடுக்கியில் ஒரு நிலையம் 396 சதுர கிலோமீட்டரைக் காக்க வேண்டியிருக்கும்.

இனி நேரத்தை எண்ணுவோம். நீர் நிரம்பிய கனரக வண்டி சமவெளிச் சாலையில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகவும், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகவும் கொள்வோம். (இவை கணக்குக்காகக் கொண்ட எண்கள்; மழைக்கால மூடுபனியில் 20 கிலோமீட்டர் என்பதே தாராளம்.) இருபது நிமிடத்தில் முன்னது 15 கிலோமீட்டரும் பின்னது 6.7 கிலோமீட்டரும் செல்லும். நிலையத்தை நடுவில் வைத்து வட்டம் வரைந்தால், சமவெளி வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 707 சதுர கிலோமீட்டர். மலை வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 140. ஐந்தில் ஒரு பங்குதான். மலைச்சாலை நேராகச் செல்வதில்லை என்பதையும் சேர்த்தால் அந்த வட்டம் இன்னும் சுருங்கும்.

இவ்வாறு பார்த்தால், முழுவதும் சமவெளியாக இருந்தால் பாலக்காட்டுக்கு ஏழு நிலையங்கள் போதும். இடுக்கிக்கு முப்பதுக்கும் மேல் வேண்டும். தலையெண்ணிக்கை தந்த விடை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இடுக்கியின் பெரும்பகுதி காடாகையால் முப்பது நிலையங்களைக் கட்ட வேண்டும் என்று எவரும் கோரப் போவதில்லை. பாலக்காட்டிலும் அட்டப்பாடி, நெல்லியாம்பதி போன்ற மலைகள் உண்டு. இக்கணக்கின் பயன் திட்டம் தீட்டுவதில் இல்லை. எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதே யாருக்கு உதவி எட்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதை அது காட்டுகிறது.

தொடுபுழை, மூலமற்றம், இடுக்கி, அடிமாலி, மூணாறு, நெடுங்கண்டம், கட்டப்பனை, பீருமேடு ஆகிய இடங்களில் இடுக்கி மாவட்டத்தின் நிலையங்கள் அமைந்துள்ளன. வரைபடத்தில் இவற்றைக் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி மேற்கூறிய சிறு வட்டத்தை வரைந்து பார்க்க மாணவர்களை அழைக்கிறேன். வட்டங்களுக்கு வெளியே விழும் ஊர்களின் பெயர்களைப் படிப்பதே ஒரு பாடம்.

மக்கள்தொகை அளவுகோலுக்கு மற்றொரு குறையும் உண்டு. கணக்கெடுப்பு எண்ணுவது வசிப்போரை. மலையில் ஆபத்துக்குள்ளாவோர் பலர் வருவோர். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வெளியூர்ப் பயணிகள். 2011 ஜனவரி 14 அன்று வண்டிப்பெரியாற்றை அடுத்த புல்மேட்டில், சபரிமலையிலிருந்து திரும்பிய கூட்டத்தின் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். காட்டின் நடுவே, இருட்டில், குறுகிய ஒரே பாதையில் நேர்ந்த அவ்விபத்தில் இறந்தோருள் பெரும்பாலோர் இடுக்கி மாவட்டத்தின் எந்த மக்கள்தொகைப் பட்டியலிலும் இடம்பெறாதவர்கள்.

எவர் நிலம், எவர் சாலை

எல்லைப்புறத்தின் தனிச்சிக்கல் இனிமேல்தான் வருகிறது. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் பாலக்காட்டிலிருந்து அங்கே வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக ஏற வேண்டும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கேரளத்தின் தீயணைப்பு வண்டி கேரளத்தின் ஊருக்குச் செல்லத் தமிழ்நாட்டின் வனச் சோதனைச் சாவடியைக் கடக்கிறது. வழியில் இருக்கும் பொள்ளாச்சியிலோ தமிழ்நாட்டின் நிலையம் ஒன்று உள்ளது.

இதற்கு நேர்மாறானது கொழுக்குமலை. அத்தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் வட்டத்தில் உள்ளது. அங்கே ஜீப் செல்லும் பாதையோ இடுக்கி மாவட்டத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்கிறது. தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஏறுவோருக்கு நடைவழியே உண்டு. மறையூரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. மூணாறும் உடுமலைப்பேட்டையும் அதற்கு ஏறத்தாழ ஒரே தொலைவு; ஒருபுறம் தேயிலைச் சரிவுகளின் வளைவுகள், மறுபுறம் சின்னாறு வனத்தின் இறக்கம். மழையில் மூணாறுச் சாலை அடைபட்டால் எந்த நிலையம் அருகில் உள்ளது என்பதற்கு வேறு விடை கிடையாது.

கொழுக்குமலைச் சரிவில் நேர்ந்ததை நாடே அறியும். 2018 மார்ச் 11 அன்று, குரங்கணிக்கு மேலே, மலையேற்றத்திற்குச் சென்று இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கித் தாவும் வேகம் அனுபவமில்லாதவர்களுக்குப் புலப்படாது. சரிவு பத்துப் பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது வனத்துறையினர் கைக்கொள்ளும் பொதுவிதி. முதலில் அங்கு ஏறிச் சென்றவர்களுள் குரங்கணிக் கிராமத்தாரும் இருந்தனர். சூலூரிலிருந்து விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன. தீயணைப்பு வண்டி அடிவாரத்தில் நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாத இடம் அது.

நீரின் வழியிலும் இதே பின்னல்தான். பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாயிற்று. அதன்படி பறம்பிக்குளம் அணை கேரள மண்ணில் நிற்க, தமிழ்நாடு அதனை இயக்குகிறது. 2022 செப்டம்பர் 21 பின்னிரவில் அதன் மூன்று மதகுக் கதவுகளில் ஒன்று உடைந்து, வினாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் பெருங்கல்குத்து வழியே சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கதவைப் பழுதுபார்க்க வேண்டியவர்கள் ஒரு மாநிலத்தார். கரையோர மக்களை எழுப்பி அப்புறப்படுத்த வேண்டியவர்கள் மற்றொரு மாநிலத்தார். அன்று உயிர்ச்சேதம் நேராமல் தப்பியதை நற்பேறு என்றே சொல்ல வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் புழையிலும் ஆழியாற்று நீர் மூலத்தறை வழியாக வருகிறது. 2024 ஜூலையில் திடீரெனப் பெருகிய அவ்வாற்றின் நடுவே ஒரு பாறையில் சிக்கிய நான்கு பேரைத் தீயணைப்புப் படையினர் ஏணியையும் கயிற்றையும் கொண்டு கரைசேர்த்தனர். மேலே மழை பெய்வதும் மதகு திறப்பதும் வேறிடம். வெள்ளத்தில் இறங்குவது இவ்விடம்.

பெட்டிமுடி

இத்தனையும் ஒருசேரக் கூடிய இரவு 2020 ஆகஸ்ட் 6. மூணாறுக்கு அப்பால், ராஜமலையைத் தாண்டி, நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் மலைச்சரிவு பெயர்ந்து நான்கு லயன் வரிசைகளை மூடிற்று. இரவு பத்தரை மணிக்குமேல் நிகழ்ந்தது. மலையாளத்தில் இதனை உருள்பொட்டல் என்பார்கள். பாறையும் சேறும் மரமும் உருண்டு வரும் ஓசையை அச்சொல் வைத்திருக்கிறது. இறந்தோரும் கிடைக்காமற் போனோருமாக 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதியோடு உறவுடையவர்கள் பலர்.

மழையால் மின்சாரம் நின்றிருந்தது. தொலைபேசித் தொடர்பும் இல்லை. செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில். மூணாறுச் சாலையில் பெரியவரைப் பாலம் 2018 வெள்ளத்தில் பழுதுபட்டு, தற்காலிகப் பாலமும் அந்த மழையில் சேதமுற்றிருந்தது. ஆகவே கனரக இயந்திரங்கள் போய்ச் சேர மேலும் நேரமாயிற்று. திருச்சூரிலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்தனர். தீயணைப்புப் படையினர், காவலர், வனத்துறையினர் எல்லாரும் நாள்கணக்கில் சேற்றைத் துழாவினர். அவர்களுடைய உழைப்பில் எவரும் குறை காண முடியாது. ஆனால் முதல் எட்டு மணி நேரத்தில் அங்கு இருந்த மீட்புப் படை எது? பக்கத்து லயன்களில் உயிர்பிழைத்தவர்கள். அவர்கள் கையில் இருந்தது தேயிலைத் தோட்டத்தின் மண்வெட்டியும் கைவிளக்கும்.

மண்சரிவில் புதையுண்டவர்கள் உயிருடன் கிடைக்கும் வாய்ப்பு நேரம் செல்லச் செல்ல விரைந்து தேய்கிறது. எனவே, பெட்டிமுடி போன்ற ஓரிடத்தில் தீயணைப்பு நிலையத்தின் இருபது நிமிட இலக்கு அன்றிரவு ஐந்நூறு நிமிடங்களாக நீண்டது என்று சொல்வதில் மிகை இல்லை. அந்நீட்சியில் சாலையின் பங்கு ஒரு பகுதி. செய்தி கிடைக்காததன் பங்கு அதைவிடப் பெரிது. வண்டியும் ஆளும் எத்தனை இருப்பினும், மணி அடிக்காத நிலையத்திலிருந்து எவரும் புறப்படுவதில்லை. மலைப்பகுதித் தோட்டங்களில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்தாலும் இயங்கக்கூடிய கம்பியில்லாத் தொடர்பு ஒன்று ஒவ்வொரு டிவிஷனிலும் இருப்பது, புதிய வண்டி ஒன்றை வாங்குவதைவிட முந்தியதாகக் கருதப்பட வேண்டிய முதலீடு என்பது என் துணிபு.

வண்டி ஏறாத இடங்கள்

தீயணைப்புத் துறையின் வலிமையை வண்டிகளின் எண்ணிக்கையால் மதிப்பிடுவது நம் நிர்வாகத்தின் பழைய வழக்கம். எண்ணுவதற்கு எளியதை எண்ணுவது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான நோய். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழையை அடுத்த சேராடு மலையில் ஓர் இளைஞர் செங்குத்தான பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டார். ஏறத்தாழ 45 மணி நேரம் நீரின்றி அங்கே கிடந்தார். தீயணைப்புப் படையும் தேசிய மீட்புப் படையும் முயன்றன. கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டரால் அருகே செல்ல இயலவில்லை. இறுதியில் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இராணுவ வீரர்கள் பிப்ரவரி 9 காலை கயிற்றில் இறங்கி அவரை மேலே கொண்டுவந்தனர். வெலிங்டன் நீலகிரியில் உள்ளது. பாலக்காட்டிலிருந்து சில மணி நேரப் பயணம். தேவைப்பட்டது பாறையேற்றப் பயிற்சியும், நங்கூர ஆணிகளும், நீண்ட கயிறுகளும். எந்த ஊர்தியும் அங்கே பயன்பட்டிருக்காது. மலை மாவட்டங்களில் ஒவ்வொரு நிலையத்திலும் இல்லாவிட்டாலும், மாவட்டத்திற்கு ஒரு குழுவாவது இக்கலையில் தேர்ந்திருப்பது செலவு மிகுந்த காரியமன்று. அது வண்டி வாங்கும் கொள்முதல் பட்டியலில் வராததால் விடுபட்டுப்போகிறது.

காட்டுத்தீயின் நிலையும் இதுவே. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் மாசி, பங்குனியில் புல் உலர்ந்து நிற்கும். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீப்புள்ளிகளைக் கண்டு வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. 375 மீட்டர் வரை நுணுக்கமாகக் காணும் கருவி பயன்பாட்டுக்கு வந்தபின் எச்சரிக்கையின் துல்லியம் கூடியுள்ளது. ஆனால் தீயை அணைப்பது பசுங்கிளைகளைக் கையில் ஏந்திய மனிதர்களே. 2020 பிப்ரவரி 16 அன்று, பாலக்காட்டு எல்லையை அடுத்துத் திருச்சூர் மாவட்டத்தில் உள்ள கொற்றம்பத்தூரில் தீயை அடக்கச் சென்ற வனக் காவற்பணியாளர் மூவர் அதே தீயில் மாண்டனர். இவர்களுக்குரிய காப்புடை, பயிற்சி, கூலி ஆகியவை எந்தத் துறையின் பொறுப்பு என்று கோப்புகளைத் தள்ளிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தீ வனத்துறை நிலத்தில் தொடங்கித் தோட்டத்தில் புகுந்து ஊரில் முடியும். துறைகளின் எல்லைக்கல்லை அது படிப்பதில்லை.

அருகில் இருப்பவர்கள்

பெட்டிமுடியும் குரங்கணியும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன: மலையில் முதலில் வருபவர் அண்டைவீட்டார். இதனை அமைப்பாகவே ஆக்கிக்கொண்ட நாடுகள் உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னா, கிராஸ், லின்ஸ் உள்ளிட்ட ஆறு நகரங்களில் மட்டுமே முழுநேரத் தீயணைப்புப் படை உள்ளது. ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்களில் உழவரும் தச்சரும் கடைக்காரருமே தொண்டர் படையினர். ஜப்பானில் 1947-ஆம் ஆண்டின் தீயணைப்பு அமைப்புச் சட்டத்தின்கீழ் உள்ளூர்த் தொண்டர் படைகள் இயங்குகின்றன. சிறு படியும் பெறுகின்றனர். இளைஞர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததால் அவர்களின் எண்ணிக்கை 1990 வாக்கில் பத்து லட்சத்திற்குக் கீழும் 2022-இல் எட்டு லட்சத்திற்குக் கீழும் இறங்கிற்று. தொண்டர் படை செலவில்லாத மாற்று என்று எண்ணுவோர் இதனையும் கவனிக்க வேண்டும்.

கேரளமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. 2018, 2019 வெள்ளங்களுக்குப் பின், தீயணைப்புத் துறையின் கீழ் ஒவ்வொரு நிலையத்தோடும் ஐம்பது தொண்டர்களை இணைத்துக் குடிமக்கள் பாதுகாப்புப் படை அமைக்கப்பட்டது. நாட்டளவில் "ஆபத்தா மித்ரா" திட்டம் 2016-இல் முப்பது வெள்ளப் பகுதி மாவட்டங்களில் தொடங்கி, 2021-க்குப் பின் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தொண்டர்களைப் பயிற்றும் இலக்குடன் விரிவாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒரு நுட்பமான குறையைச் சுட்ட வேண்டியுள்ளது. நிலையத்தைச் சார்ந்து தொண்டர்களைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் பெரும்பாலும் நிலையம் இருக்கும் பேரூரைச் சுற்றியே அமைவார்கள். அங்கேதான் வண்டியே இருபது நிமிடத்தில் வந்துவிடுகிறதே! தொண்டர் தேவைப்படுவது வட்டத்திற்கு வெளியே. எஸ்டேட் டிவிஷன், பழங்குடிக் குடி, அணைக் குடியிருப்பு ஆகியவற்றை அலகாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேரும் ஒரு பூட்டிய பெட்டியும் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வேண்டியவை கயிறு, கடப்பாரை, மரமறுக்கும் வாள், தூக்குக்கட்டில், மின்கல விளக்கு. சாவி அங்கேயே வசிப்பவரிடம் இருக்க வேண்டும்; எஸ்டேட் அலுவலகத்தில் இருக்கக் கூடாது. மலைப்பாதையையும் தீயின் போக்கையும் அறிந்த முதுவர், இருளர், மலசர் போன்ற பழங்குடியினரைப் பருவகாலக் கூலிக்காரராக வைப்பதற்குப் பதிலாக, இப்படையின் பயிற்றுநராகவும் அமர்த்தலாம்.

நிதியும் ஒருங்கிணைப்பும்

நிதி அறவே இல்லை என்று இப்போது கூறுவதற்கில்லை. தீயணைப்புச் சேவைகளை விரிவாக்கவும் புதுப்பிக்கவும் மத்திய அரசு 2023-இல் 5,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது. இதில் 500 கோடி சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை. வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் நீங்கலாகப் பிற மாநிலங்கள் செலவில் கால்பங்கை ஏற்க வேண்டும். இமயமலை மாநிலங்களுக்குப் பத்தில் ஒரு பங்கே போதும் என்பது நியாயமானது. மேற்கு மலைத்தொடரின் மாவட்டங்கள் சமவெளி மாநிலங்களின் பகுதியாக இருப்பதால் அச்சலுகையைப் பெறுவதில்லை. சரிவும் மழையும் மாநிலத்தின் பெயரைப் பொறுத்து மாறுவன அல்ல. ஆகவே மாநிலத்தை விடுத்து நிலத்தை அலகாகக் கொள்ளும் பகிர்வுமுறை ஒன்றை வரும் நிதி ஆணையங்கள் பரிசீலிப்பது பொருத்தமாகும்.

இரு மாநிலங்களுக்கிடையே பரஸ்பர உதவி என்பது இன்றுவரை பெரும்பாலும் மாவட்ட அதிகாரிகளின் நல்லுறவையே நம்பியுள்ளது. ஒருவர் மாற்றலாகிப் போனால் அதுவும் அவரோடு போய்விடுகிறது. கீழ்மட்டத்தில் எழுத்து வடிவான ஏற்பாடு ஒன்று இருந்தால், பொள்ளாச்சியும் கொல்லங்கோடும், உடுமலையும் மூணாறும், கம்பமும் கட்டப்பனையும் மேலிட அனுமதிக்குக் காத்திராமல் ஒன்றையொன்று அழைக்கலாம். எரிபொருள் செலவை ஆண்டிறுதியில் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். வனச் சோதனைச் சாவடிகளில் அவ்வண்டிகளுக்கு இரவிலும் வழிவிடும் நிலையாணையும் இதில் அடங்க வேண்டும்.

கடைசியாக ஒரு சிறிய விஷயம். செலவும் மிகச் சிறிது. எல்லையோரத்தில் கைப்பேசி எந்த மாநிலத்தின் கோபுரத்தைப் பற்றுகிறதோ, அவசர அழைப்பும் பெரும்பாலும் அங்கேயே செல்கிறது. இடுக்கியில் நிற்பவரின் குரல் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கலாம். போடிமலையில் நிற்பவரின் குரல் கேரளத்தில் ஒலிக்கலாம். அழைப்பவர் சொல்லும் இடப்பெயர் எடுப்பவருக்கு விளங்குவதில்லை. ஒரே மலைக்குத் தோட்டத்தார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று, வருவாய்த்துறை ஏட்டின் மலையாளப் பெயர் ஒன்று, பழங்குடியினர் அழைக்கும் பெயர் இன்னொன்று. இந்நான்கையும் ஒரே வரியில் நிறுத்தி, அருகே இரு பக்கத்து நிலையங்களிலிருந்தும் ஆகும் நிமிடங்களையும், மழைக்காலத்தில் மூடும் பாலங்களையும் குறித்து, இரு மொழிகளிலும் ஒரு பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவோர் ஒரு வட்டாட்சியர் அலுவலக எழுத்தரும், ஒரு வனக்காவலரும், ஒரு எஸ்டேட் கங்காணியும். அவர்கள் மூவரும் ஒரு கோடைப் பருவத்தில் இவ்வேலையை முடித்துவிடுவார்கள். அதன் படி இரு மாநிலக் கட்டுப்பாட்டு அறைகளின் மேசையிலும், எல்லையின் இருபுறத்து நிலையங்களிலும் இருக்க வேண்டும்.